ஆறாவது பாட்டு

ரங்கூனில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரைப் பார்த்தால் முதலில் கேட்பது பெயரை அல்ல, ஊரைத்தான். "நமக்கு எந்த ஊரு?" என்பார்கள். கேட்கப்பட்டவர் பிறந்தது ரங்கூனிலேயே பசுண்டாங் பேட்டையாக இருக்கும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவைத் தவிர வேறு சீமையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். இருந்தாலும் கொஞ்சமும் கூசாமல், "திருவாடானைப் பக்கம்" என்பார். ரங்கூன்தான் என் ஊர் என்று சொன்ன மனிதரை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. ரங்கூன் பிழைக்க வந்த இடம், அவ்வளவுதான்.

அச்சில் பாட்டு வந்தாலும் இதே கதைதான். நாலு வரி வாழ்த்துப்பாவாக இருந்தாலும் தலைப்புக்குக் கீழே 'இன்ன ஊர், இன்னார் குமாரர், இன்னார் இயற்றியது' என்று போட்டாக வேண்டும். போடாவிட்டால் படிக்கிறவர்கள் அந்தத் தாளைச் சந்தேகத்தோடு புரட்டிப் பார்ப்பார்கள். பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கமலாட்சி டீச்சருக்கு அந்த ஒரு வரியால்தான் தொல்லை வந்து சேர்ந்தது.

அவள் வேலை பார்த்த பெண்கள் பாடசாலை பசுண்டாங் கால்வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. கீழே மரக்கிடங்கு, மேலே நாலு வகுப்பு. தமிழர் சபை ஒன்று அதை நடத்தியது. துறைமுகக் கூலிகள், ரயில்வே சிப்பந்திகள், முனிசிபல் தொழிலாளிகள் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். கமலாட்சிக்கு வயது இருபத்தெட்டு. நாலாம் வகுப்புக்கு எட்டு வருஷமாகப் பாடம் சொல்கிறாள். அவளைப்போல் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு அவளுடைய முடியைப் பார்ப்பார்கள். எத்தனை எண்ணெய் வைத்தாலும் படியாத முடி. சுருண்டு சுருண்டு காதோரம் கிளம்பிக்கொண்டே இருக்கும்.

உடன் வேலை பார்த்த சொர்ணம்மாள் டீச்சர் நல்லவள்தான். ஆனால் மத்தியானம் தூக்குப் பாத்திரத்தைத் திறக்கும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். எட்டு வருஷமாக அந்த ஜன்னலுக்கு வெளியே அவளுக்குப் பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. கமலாட்சி தன் சோற்றைச் சுவரைப் பார்த்துத் தின்றாள். தெருவில் மொகிங்கா சேமியா விற்கும் பர்மாக்காரி "சயாமா" என்று டீச்சருக்குரிய மரியாதையோடு கூப்பிடுவாள், கொஞ்சம் தள்ளிப் போனதும் மற்ற இந்தியர்களைச் சொல்வதுபோல 'கலாமே' என்பாள். பர்மாக்காரர்களுக்கு அவள் தமிழச்சி. தமிழர்களுக்கு அவள் வேறு என்னவோ. முதுகுக்குப் பின்னால் 'காப்பிரி டீச்சர்', அதாவது ஆப்பிரிக்காக்காரி, என்று சொல்லிக்கொள்வது அவள் காதுக்கும் வந்ததுதான். அம்மா வேலம்மா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தால் திங்கட்கிழமை காலை வரை அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. சில ஞாயிறுகளில் தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கவே ஒரு பாட்டை உரக்கச் சொல்லிப் பார்ப்பாள்.

அப்பா பெயர் மப்ரூக். கப்பலில் அடுப்புக்குக் கரி வாரிப் போட்டவர். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவர். கொதிகலன் வெடித்து இடது கை வெந்துபோக, கப்பல்காரர்கள் அவரை ரங்கூன் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஒற்றைக் கை பலத்தோடு டாலாவில் கப்பல் பட்டறை உலையில் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்து அரிசி ஆலையில் நெல் தூற்றிக்கொண்டிருந்த வேலம்மாவைக் கட்டிக்கொண்டார். வேலம்மாவின் அண்ணன் தங்கவேலு அன்றைக்கே தங்கையைக் கை கழுவினார். செத்தால்கூடச் சொல்லி அனுப்பாதே என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறியவர்தான், பிறகு வரவே இல்லை. கமலாட்சிக்கு ஒன்பது வயதானபோது அப்பா காய்ச்சலில் போனார். அவர் பேசிய பாஷையில் அவளுக்கு மிஞ்சியது ஒரே சொல்தான். அவளை 'பிந்தி' என்று கூப்பிடுவார். மகள் என்று அர்த்தம்.

இதெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. இல்லை, ஒரே ஒரு தடவை கேட்டார்கள். அதுதான் அவளை உறங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

நாலாம் வகுப்புப் பூகோள சரித்திரப் புத்தகத்தில் ஆப்பிரிக்காவுக்கு மூன்றே வரி. 'ஆப்பிரிக்கா ஓர் இருண்ட கண்டம். அங்குள்ளோர் கருநிறத்தர். வெள்ளையர் செல்லுமுன் அவர்கட்குச் சொல்லத்தக்க சரித்திரம் யாதுமில்லை.' வருஷா வருஷம் இதை ஒரு பிள்ளை எழுந்து நின்று படிக்கும். மற்ற நாற்பது பிள்ளைகளும் புத்தகத்தை விட்டுவிட்டு டீச்சரைப் பார்க்கும். போன வருஷம் ஜெயம்மா என்ற பெண் படித்து முடித்துவிட்டு, கபடில்லாமல் கேட்டாள்:

"டீச்சர், நீங்க அந்த ஊரா?"

கமலாட்சி, "இல்லை. மேலே படி," என்றாள்.

மூன்றே வார்த்தை. பெற்ற தகப்பனை நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் இல்லை என்று சொல்லிவிட்டோமே என்று அன்றைக்கு அவள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஜெயம்மா அந்த வருஷம் பரீட்சையில் தவறி மறுபடியும் நாலாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் கமலாட்சிக்கு அந்த 'இல்லை' ஞாபகம் வந்தது.

இந்த நிலையில்தான் ஆண்டு விழா வந்தது. வழக்கமாக வாழ்த்துப்பா எழுதும் தமிழ்ப் பண்டிதர் மகள் கலியாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். காரியதரிசி பொன்னுத்துரை மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தா, பாடசாலைக்காகத் தன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொடுத்தவர். ஒரு ஈயைக்கூட அதட்டமாட்டார்.

"ஏம்மா கமலாட்சி, இந்தத் தடவை நீதான் எழுதணும். கடல் தாண்டி வந்த நம்ம முன்னோரைப் பத்தி ஆறு பாட்டு. அச்சடிச்சு எல்லாருக்கும் குடுக்கிறோம். மேடையில நீயே பாடு. உன் குரலுக்கு என்ன குறைச்சல்?"

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் ஒன்று கேட்டார்கள். அவள் பத்து நாள் உட்கார்ந்து எழுதினாள். முதல் ஐந்து பாட்டில் நெல் அறுக்க வந்தவர்கள் வந்தார்கள், மூட்டை சுமந்தவர்கள் வந்தார்கள், தண்டவாளம் போட்டவர்கள், சாக்கடை வாரியவர்கள், ஆலையில் நுரையீரல் முழுக்க உமித்தூசியை வாங்கிக்கொண்ட பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஆறாவது பாட்டுக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. இத்தனை பேரும் எதில் ஏறி வந்தார்கள்? கப்பலில். கப்பல் எதனால் ஓடிற்று? அதன்பின் அவள் எழுதவில்லை, பாட்டு தானே வந்தது.

*நீரைக் கிழித்தது கப்பலென் பீரே,*
*நெருப்புக்கு முன்நின்று வெந்தவர் யாரோ?*
*ஏறிவந் தோர்பேர் எழுதிய ஏட்டில்*
*ஏற்றிவந் தோர்க்கொரு வரியிலை யாமோ?*

அடுத்த நாலு வரியில் அப்பாவின் ஊரும் பேரும் வர வேண்டும் என்று இடம் விட்டு வைத்தாள். தலைப்புக்குக் கீழேயும் அப்படியே. 'ஊர் (           ), மப்ரூக் குமாரத்தி கமலாட்சி இயற்றியது.' எழுதிய காகிதத்தைப் பொன்னுத்துரையிடம் கொடுத்தாள்.

அவர் முதல் ஐந்து பாட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே அழுகை வந்துவிட்டது மனிதருக்கு. பிறகு ஆறாவதைப் படித்தார். கண்ணாடியை மறுபடி கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை.

"அஞ்சும் முத்து. பண்டிதர் கூட இப்படி எழுதமாட்டார். ஆனா ஆறாவது... நமக்கெதுக்கும்மா அது?"

"கப்பலை ஓட்டினவங்க இல்லையா ஐயா?"

"ஓட்டினாங்க. இல்லேங்கலை. மாட்டுவண்டியில வந்தா மாட்டையும் பாடணுமா?" என்று சொல்லிவிட்டார். வார்த்தை வெளியே போன பிறகுதான் அதை அவரே கேட்டார். முகம் சுருங்கிப்போயிற்று. "நான் அப்படிச் சொல்ல வரலை. அம்மா, உனக்காகத்தான் சொல்றேன். பெரிய மனுஷாள் எல்லாரும் வர்றாங்க. உன்னைப் பத்தி ஊர்ல பேச்சு இருக்கு, ஆனா பேச்சு பேச்சோட போயிடும். அச்சுல வந்தா நிக்கும். நாளைக்கு ஒருத்தன் பிள்ளையை நிறுத்திட்டான்னா நான் என்ன பண்ணுவேன்?"

"அப்ப என் அப்பா பேரு?"

பொன்னுத்துரை தலையைச் சொறிந்தார். "உன் தாய்மாமன் பேரைப் போட்டுக்கலாமே. தங்கவேலு. சிவகங்கைச் சீமை, மேலப்பட்டி. ஊரும் சுத்தமா இருக்கு. யார் வந்து கேக்கப் போறா?"

அப்பாவின் வீட்டு வாசலை மிதிக்காத மனிதர் இப்போது அப்பாவாக வந்து உட்காரப் போகிறார். கமலாட்சிக்குச் சிரிப்புத்தான் வந்தது. "ஞாயித்துக்கிழமை வரை டைம் குடுங்க ஐயா. ஊர்ப் பேரைக் கேட்டுக்கிட்டு வரேன்," என்றாள். நிஜமான ஊர் ஒன்று இருந்துவிட்டால் பொன்னுத்துரையின் வாய் அடைபட்டுவிடும் என்று நினைத்தாள். ஊர் என்ற ஒன்று இருந்தால் போதும், அது எங்கே இருந்தால் என்ன?

வீட்டில் அப்பாவின் கப்பல் வேலைச் சீட்டு ஒன்று இருந்தது. அதில் அவர் பெயர் 'ஜாக் மண்டே' என்று இருந்தது. திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்ததால் வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் வைத்த பெயராம், அம்மா சொல்லியிருக்கிறாள். ஊர் என்ற இடத்தில் 'ஜான்சிபார்' என்று போட்டிருந்தான். அது அவர் கப்பல் ஏறிய துறைமுகம். ரங்கூனில் கப்பல் ஏறினவன் எல்லாம் ரங்கூன்காரனா? உண்மையான ஊரைத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்க முடியும். டாலாவில் கடை வைத்திருக்கும் பர்கத்துல்லா. அப்பாவோடு தொழுதவர், அப்பாவைக் குளிப்பாட்டி அடக்கம் செய்தவர்.

ஞாயிறு காலை சம்பான் படகில் ஏறினாள். சிட்டகாங்கு சம்பான்காரர் துடுப்புப் போட்டார். நடு ஆற்றில் ஒரு நீராவிக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. அதன் அடிவயிற்றில் கரி வாருகிற சத்தம் கேட்டது. மேல்தட்டில் சாமான் இறங்குவதை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். கீழே இருப்பவர்கள் ஒருவர் முகமும் தெரியவில்லை.

பர்கத்துல்லாவுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. பத்தொன்பது வருஷம் கழித்து வந்தவளை முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவருக்கு.

"மப்ரூக்பாய் மகளா? வா புள்ளே, வா. ஒங்க வாப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கியே!"

பிறந்ததிலிருந்து அவளிடம் இதை யாரும் சொன்னதில்லை. உப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். தேநீர் வந்தது. குடித்த பிறகுதான் கேட்டாள்.

"மாமா, எங்கப்பா ஊரு எது?"

பர்கத்துல்லா தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும் கேட்டிருக்கேன் புள்ளே. அது அவுகளுக்கே தெரியாது. ஆறோ ஏழோ வயசுல ஆளுங்க வந்து பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களாம். நாள் கணக்கா நடத்தியே கடக்கரைக்குக் கொண்டாந்து வித்துட்டாங்க. ஒரு ஆறு இருந்துச்சாம், கரையில பெரிய மரமாம். அம்புட்டுத்தான் ஞாபகம்."

"பேராவது..."

"மப்ரூக்குங்கறது வாங்குன எசமான் வச்ச பேரு. தாய் வச்ச பேரு வேற இருந்துச்சு. அதையும் மறந்துட்டேன்னு ஒருநா எங்கிட்டச் சொல்லி அழுதாக. பெரிய ஆம்பளை, இந்தா இந்த இடத்துல உக்காந்து அழுதாக."

ஊரைக் கேட்கப் போனவளுக்குக் கையில் இருந்த பேரும் போயிற்று. திரும்பி வரும்போது சம்பானில் அவள் ஒருத்திதான். உலகத்தில் எத்தனையோ பேருக்கு அப்பா இல்லை. ஆனால் அப்பாவுக்கே தன் பெயர் தெரியாமல் போனதை யாரிடம் சொல்லி அழுவது? புத்தகத்தில் எழுதியிருந்த மூன்றாவது வரி நினைவுக்கு வந்தது. சொல்லத்தக்க சரித்திரம் யாதுமில்லையாம். இருந்ததைப் பிடுங்கிக்கொண்டவர்கள்தான் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவளுக்குத் துக்கம் போய் ஆத்திரம் வந்தது. அக்கரை வந்து சேர்வதற்குள் மீதி நாலு வரியும் வந்துவிட்டன.

திங்கட்கிழமை அச்சுக்கூடத்துக்குப் போனாள். எழுதியவரே பிழை பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் அங்கே முறை. வடிவேல் என்ற அச்சுக் கோப்பவர் ஈரத்தாளை நீட்டினார். பொன்னுத்துரை காத்திருக்காமல் அனுப்பிவிட்ட ஐந்தே பாட்டு இருந்தது. தலைப்புக்குக் கீழே சிவகங்கைச் சீமை, மேலப்பட்டி, தங்கவேலு குமாரத்தி. கமலாட்சி அந்த வரியை அடித்தாள். 'ஊர் அறியாத மப்ரூக் குமாரத்தி' என்று பக்கத்தில் எழுதினாள். ஓரத்தில் ஆறாவது பாட்டை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வடிவேல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊரு அறியாதன்னு யாரும் போட்டதில்லையேம்மா."

"நான் போடறேன்."

"சரி. செக்ரெட்டரி ஐயாகிட்ட ஒரு வார்த்தை காட்டிட்டு ஏத்திடறேன்," என்றார் வடிவேல். அவர் பேரில் தப்பில்லை, அச்சுக்கூலி கொடுப்பவர் காரியதரிசிதானே.

தை மாதம் இரண்டாவது ஞாயிறு, பிற்பகல். சபை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் தலைப்பாகைகளும் அங்கவஸ்திரங்களும். பின்னால் துறைமுகத்து ஆட்கள், ஆலைப் பெண்கள், பிள்ளைகள். பாட்டு அச்சடித்த நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு பாடுகிறவரோடு சேர்ந்து வரிக்கு வரி விரலை ஓட்டுவது அங்கே பழக்கம். படிக்கத் தெரியாதவர்களும் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கமலாட்சிக்கு மட்டும் ஒருவரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. எழுதியவளுக்கு எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

பொன்னுத்துரை எழுந்தார். அவள் பக்கம் திரும்பாமல், தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தார். "சிவகங்கைச் சீமை, மேலப்பட்டி, ஸ்ரீமான் தங்கவேலு அவர்கள் குமாரத்தி, கமலாட்சி இயற்றிய வாழ்த்துப்பா."

கைதட்டினார்கள். அந்தக் கமலாட்சி யார் என்று இவளும் ஒரு கணம் பார்த்தாள். யாரோ ஒரு நல்ல குடும்பத்துப் பெண் எழுந்து வரப்போகிறாள் போல இருந்தது. ஒருவரும் வரவில்லை. அவள்தான் போக வேண்டியிருந்தது.

பாடினாள். ஆர்மோனியம் கூடவே வந்தது. ஆலைப் பெண்களைப் பற்றிய பாட்டு வந்தபோது பின்வரிசையில் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. ஐந்தாவது பாட்டு முடிந்தது. நோட்டீசும் முடிந்தது. ஆர்மோனியக்காரர் துருத்தியை மூடிவிட்டார். பொன்னுத்துரை மாலையோடு எழுந்தார். இப்போது கும்பிட்டு இறங்கிவிட்டால் மாலை விழும், நாளைக்குச் சொர்ணம்மாள்கூட ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்ப்பாள். எதிரே பிள்ளைகள் வரிசையில் ஜெயம்மா உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் படிக்கும்போது செய்வதுபோல் விரலைக் கடைசி எழுத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கமலாட்சி ஆறாவதைத் தொடங்கினாள். ஆர்மோனியம் இல்லை. தனிக்குரல்தான்.

'நீரைக் கிழித்தது' என்று அவள் எடுத்ததும் மண்டபம் முழுக்கச் சரசரவென்று ஒரு சத்தம். முந்நூறு பேரும் தாளைத் திருப்பினார்கள். பாட்டு பின்பக்கத்தில் இருக்கும் என்று தேடினார்கள். பின்பக்கம் வெறும் வெள்ளைத்தாள். மறுபடி முன்பக்கம், மறுபடி பின்பக்கம். பக்கத்தில் இருப்பவர் தாளை எட்டிப் பார்த்தார்கள். அவரிடமும் இல்லை. அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.

*ஊரெது வென்றே ஒருவரும் கேளார்;*
*உண்டொரு ஊரவர்க் கெங்கென அறியோம்;*
*வைத்தபேர் மப்ரூக்; வாழ்ந்ததும் அதிலே;*
*பெற்றவர் இட்டபேர் பிள்ளையும் அறியேன்.*

முடித்தாள். கைதட்டல் இல்லை. முன்வரிசையில் தலைப்பாகை ஒன்று குனிந்து, "என்ன ஐயா, அச்சுல விட்டுப்போச்சா?" என்று கேட்டது. பொன்னுத்துரை மென்று விழுங்கினார். "ஆமா ஆமா. அச்சுக்கூடத்துல... விட்டுப்போச்சு," என்றார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த நிகழ்ச்சிக்கு ஆளைக் கூப்பிட்டார். மாலை அன்று யார் கழுத்திலும் விழவில்லை.

கூட்டம் கலையும்போது ஒருவரும் அவள் பக்கம் வரவில்லை. திட்டவும் வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவளைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு இடம் விட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆள் இழுக்கும் லஞ்சா வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். வீட்டில் யாரிடம் சொல்வது, பாடிவிட்டேன் என்று? "பாடிட்டேன் அப்பா," என்று சுவரிடம் சொன்னாள். சொன்ன குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

மறுநாள் காலை பொன்னுத்துரை வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஒரு இரவில் பத்து வயது கூடியிருந்தது. கக்கத்தில் மிச்ச நோட்டீஸ் கட்டு.

"கமிட்டி ஞாயித்துக்கிழமை கூடுது. உன் விஷயம்தான். நான் பேசிப் பார்க்கிறேன், ஆனா உறுதி சொல்லமாட்டேன்." சற்று நின்று, "அச்சுக்கூடத்துத் தப்புன்னு சொல்லிச் சமாளிச்சு வச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லு. இந்தா, மிச்சம் கிடக்கு. பின்பக்கம் வெள்ளைதான், பிள்ளைங்களுக்குக் கணக்குப் போட ஆகும்," என்று நோட்டீஸ் கட்டை மேஜைமேல் வைத்தார்.

கமலாட்சி கட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவளுக்காக ஒரு பொய் சொல்லி, அது நெஞ்சில் முள்ளாக நிற்க, முழுங்க முடியாமல் நிற்கிறார்.

"அச்சுல விட்டுப்போனதுன்னு எல்லார் முன்னாலும் சொல்லிட்டீங்க ஐயா?"

"சொல்லிட்டேம்மா."

"அப்ப சரி," என்றாள்.

சென்னையிலிருந்து வருகிற பாடப்புத்தகங்களில் வரி விட்டுப்போவது அந்தப் பாடசாலையில் சர்வ சாதாரணம். பக்கமே இல்லாமல் வருவதும் உண்டு. விட்டுப்போனதை டீச்சர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்வார்கள். அதைத் தப்பென்று கமிட்டிகூடச் சொன்னதில்லை. கமலாட்சி கட்டைப் பிரித்தாள். பிள்ளைக்கு ஒன்றாக நாற்பத்தொன்று கொடுத்தாள்.

"திருப்பி வச்சுக்குங்க. வெள்ளைப் பக்கம். அச்சுல ஒரு பாட்டு விட்டுப்போச்சு. சொல்றதை எழுதுங்க."

பொன்னுத்துரை வாசலிலேயே நின்றார். தடுக்க வாயெடுத்தார். தான் சொன்ன வார்த்தையே தன் வாயை அடைத்துக்கொண்டிருப்பது அவருக்குப் புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.

அவள் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொன்னாள். நாற்பத்தொரு பென்சில் ஊர்ந்தன. எட்டு வரியும் முடிந்தபின் ஜெயம்மா கையைத் தூக்கினாள்.

"டீச்சர், முன்பக்கம் மேலப்பட்டின்னு இருக்கே. இதுக்கு அடியிலே ஊரு பேரு என்ன எழுதணும்?"

கமலாட்சி அவளையே பார்த்தாள். போன வருஷம் கேட்ட அதே குரல். வகுப்பு முழுக்கத் தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தது.

"அந்தப் பக்கம் இருக்கிறதும் தப்பு. அடிச்சிடுங்க," என்றாள். "இந்தப் பக்கம் எழுதுங்க. மப்ரூக் குமாரத்தி கமலாட்சி இயற்றியது. ஊர் தெரியாது."

"தெரியாதுன்னே எழுதணுமா டீச்சர்?"

"தெரியாதுன்னே எழுது. அவரைச் சின்னப் பிள்ளையில பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. உன்னைவிடச் சின்ன வயசு. ஊருன்னு ஒண்ணு இருந்தது, ஆறு இருந்தது, கரையிலே ஒரு பெரிய மரம் இருந்தது. பேருதான் தெரியாது. அவர் என் அப்பா."

ஜெயம்மா கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். பிறகு குனிந்து எழுதினாள். சுற்றிலும் நாற்பது தலைகள் குனிந்தன.

மத்தியானம் சொர்ணம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கமலாட்சி சோற்றை மூடி வைத்துவிட்டுச் சிவப்பு மையைத் திறந்து, நாற்பத்தொரு தாளையும் பிழை திருத்தினாள். கொம்பு மாறியிருந்தது, கால் விட்டுப்போயிருந்தது, ஒருத்தி கப்பலுக்குப் புள்ளியே வைக்கவில்லை. கடைசி வரியை மட்டும் அத்தனை பேரும் சரியாக எழுதியிருந்தார்கள்.